அடுத்த வீட்டுக் குளிசை ஏன் ஆகாது?
உடம்பிலுள்ள பூட்டுகளும் சாவிகளும்

மழைக்காலம் பிறந்தால் நமது லயங்களில் இழுப்பு வருத்தமும் கூடவே வந்துவிடும். ஈரச் சுவரும், அடுப்புப் புகையும், குளிர்காற்றும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். அப்படியான ஒரு ஜூலை மாதத்து மாலையில் எமது டிவிசனில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். இது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. பெயரும் சொல்லப்போவதில்லை.

கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்த ஒரு தாய்க்கு இழுப்பு தொடங்கியது. கிளினிக்கில் கொடுத்த நீலப் பம்ப் அவரிடம் இருந்தது. அடித்தார். மூச்சு ஓரளவு இலேசானது. போதாதென்று திரும்பத் திரும்ப அடித்தார். இப்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. கையும் நடுங்கியது. பயந்துபோய்ப் பக்கத்துக் காம்பராவில் சொன்னார்.

"அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. என்னமோ ஆகப்போவுது எனக்கு."

"பயப்படாத தங்கச்சி. எனக்கும் இப்படித்தான் இருந்திச்சு. ஆஸ்பத்திரியில குடுத்த குளிசை இருக்கு. ஒன்னு போட்டுக்க, அடங்கிரும்."

படபடப்பு அடங்கியது உண்மைதான். ஆனால் இரண்டு மணித்தியாலம் போவதற்குள் இழுப்பு முன்னையிலும் மோசமாக வந்தது. பம்ப் அடித்தார். கேட்கவில்லை. மறுபடியும் அடித்தார். கேட்கவில்லை. இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாமல், உதடு நீலம் பாய்ந்த நிலையில்தான் லொறியில் ஏற்றினோம். நல்லவேளை, உயிர் தப்பினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்ன மருந்து குடிச்சாங்க?" என்பதுதான். கூட வந்திருந்த அந்த அக்கா குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "பம்ப்புல பழுது இல்ல. அந்தச் சாவி போடுற பூட்டை இந்தக் குளிசை அடைச்சிருச்சு."

அதே நெஞ்சு, அதே பம்ப். மாலையில் கேட்ட மருந்து இரவில் கேட்கவில்லை. டொக்டர் சொன்ன பூட்டு எது, சாவி எது என்பதை விளங்கிக்கொண்டால், ஒருவருக்குக் கொடுத்த குளிசையை இன்னொருவர் ஏன் தொடக்கூடாது என்பதும் தானாக விளங்கும்.

கலத்தின் கதவிலுள்ள பூட்டு

நமது உடம்பு கலங்கள் என்னும் மிகச்சிறிய அறைகளால் ஆனது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் 30 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட கலங்கள் உண்டு. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் அந்த அறையின் சுவர்.

இத்தனை அறைகளும் ஒத்து வேலை செய்ய வேண்டுமானால் செய்தி போக வேண்டும். மூளையும் நரம்பும் சுரப்பிகளும் அந்தச் செய்தியை இரசாயனப் பொருள்களாக அனுப்புகின்றன. அவற்றில் குருதியோடு போகும் செய்திகளை ஓமோன்கள் என்கிறோம். குருதி எல்லாக் கலங்களுக்கும் போகிறது. அப்படியானால் இது எனக்கு வந்த செய்தி, இது எனக்கு வந்ததல்ல என்று ஒரு கலத்துக்கு எப்படித் தெரியும்?

நமது லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து, கை மாறி, சில வேளை ஆள் மாறியும் போய்விடுகிறது. உடம்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் அதற்கே உரிய பூட்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இவை புரதத்தால் ஆனவை. பாடப் புத்தகத்தில் இவற்றை 'வாங்கி' என்பார்கள். செய்தியை வாங்குவதால் அந்தப் பெயர்.

வாங்கியின் ஒரு முனை சுவருக்கு வெளியே இருக்கும். மறுமுனை உள்ளே இருக்கும். தனக்குப் பொருந்தும் இரசாயனம் வெளிமுனையில் வந்து உட்கார்ந்ததும் வாங்கியின் உருவம் சற்று மாறும். அந்த மாற்றம் உள்முனையில் தெரியும். உடனே கலத்துக்குள் வேலை தொடங்கும். பெரும்பாலும் சாவி உள்ளே போவதில்லை. பூட்டைத் திருப்பிவிட்டு வந்த வழியே விலகிவிடும். ஸ்டோரில் சங்கு ஊதினால் சத்தம் மலைக்கு வருகிறது, ஸ்டோர் வருவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

இதை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்லி என்ற விஞ்ஞானி. 1905ஆம் ஆண்டு அவர் கோழியின் தசையை வைத்துச் சோதனை செய்தார். புகையிலையிலுள்ள நிக்கொட்டினைக் கொடுத்தால் தசை இறுகியது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் கியூராரே என்ற நஞ்சைக் கொடுத்தால், பிறகு நிக்கொட்டின் போதிய அளவு வேலை செய்யவில்லை. ஆனால் தசை செத்துப்போகவில்லை. நேரே மின்சாரம் பாய்ச்சினால் இறுகியது. ஆகவே தசைக்கலத்தில் ஏதோ ஒரு வாங்கும் பொருள் இருக்கிறது, இரண்டு மருந்தும் அந்த ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகின்றன என்று அவர் எழுதினார். கோழித் தசையில் அவர் கண்டதும் நமது லயத்தில் நடந்ததும் அடிப்படையில் ஒன்றுதான்.

கொழுந்துக்குள் ஒரு சாவி

பூட்டில் நுழையும் எல்லாச் சாவியும் திரும்புவதில்லை. சில சாவிகள் துவாரத்தில் நுழையும், ஆனால் திரும்பாது. அது அங்கே இருக்கும்வரை சரியான சாவியையும் நுழைய விடாது. இதற்கு நாம் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நாம் பறிக்கும் கொழுந்திலேயே அது இருக்கிறது.

விழித்திருந்து வேலை செய்யச் செய்ய நமது மூளையில் அடெனோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் பூட்டில் உட்காரும்போது உடம்புக்குக் களைப்பும் தூக்கமும் தெரியும். "போதும், ஓய்வெடு" என்று சொல்லும் செய்தி அது. தேயிலையிலுள்ள கஃபீன் பார்வைக்கு அடெனோசினைப் போன்றது. ஆகவே அந்தப் பூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் திருப்பாது. அடெனோசின் வெளியே காத்து நிற்கும். தூக்கம் தெரியாது. விடியற்காலையில் ஒரு கோப்பைச் சாயம் குடித்துவிட்டு மலைக்குப் போகும்போது வரும் தெம்புக்குக் காரணம் இதுதான். தேநீர் களைப்பைப் போக்கவில்லை, களைப்பின் செய்தியைத்தான் மறித்து வைக்கிறது.

தினமும் குடிப்பவரின் உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். அதனால்தான் விரதத்தன்று தேநீர் இல்லாவிட்டால் சிலருக்குத் தலை இடிக்கிறது. பூட்டுகள் சும்மா இருப்பவை அல்ல, நாம் கொடுப்பதற்கு ஏற்ப அவையும் மாறும் என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குளவி கலைந்தால் என்ன நடக்கிறது?

இனி நமது கதையின் பூட்டுக்கு வருவோம். மலையில் குளவிக் கூடு கலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "குளவி!" என்ற சத்தம் கேட்டதும் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடக்கிறது. கை நடுங்குகிறது. எங்கிருந்தோ ஓடுவதற்குப் பலம் வருகிறது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. ஆபத்து என்றதும் அவை அதிரினலின் என்ற ஓமோனைக் குருதியில் விடுகின்றன. அந்த ஒரே சாவி பல பூட்டுகளைத் திறக்கிறது. இருதயத்தில் திறந்தால் துடிப்பு கூடும். மூச்சுக்குழாயில் திறந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து வழி அகலும், காற்று தாராளமாகப் போகும். ஈரலில் திறந்தால் சேமித்து வைத்த சீனி குருதிக்கு வரும்.

சாவி ஒன்றாக இருந்தாலும் பூட்டுகள் ஒன்றல்ல. 1948ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி அல்குவிஸ்ட் இந்தப் பூட்டுகள் அல்பா, பீற்றா என்று இரண்டு வகை என எடுத்துக்காட்டினார். பின்னர் பீற்றா பூட்டிலும் உட்பிரிவுகள் தெரியவந்தன. இருதயத்தில் அதிகமாக இருப்பது பீற்றா-1. மூச்சுக்குழாயில் இருப்பது பீற்றா-2.

இந்த வேறுபாடு தெரிந்த பிறகுதான் இன்றைய மருந்துகள் பல பிறந்தன. மூச்சுக்குழாயின் பீற்றா-2 பூட்டைத் திறக்கவென்று செய்யப்பட்ட சாவிதான் சல்புடமோல். 1969ஆம் ஆண்டு பாவனைக்கு வந்தது. நீலப் பம்ப்பில் இருக்கும் மருந்து பெரும்பாலும் இதுவே. அடித்த சில நிமிடங்களில் இறுகிய குழாய் தளரும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம்வரை அதன் பலன் இருக்கும்.

ஆனால் பீற்றா-2 பூட்டு கைத் தசையிலும் உண்டு. இருதயத்திலும் கொஞ்சம் உண்டு. பம்ப்பைக் கூடுதலாக அடிக்கும்போது மருந்து அங்கேயும் போய்த் திறக்கிறது. நமது கதையில் அந்தத் தாய்க்குக் கை நடுங்கியதும் நெஞ்சு படபடத்ததும் இதனால்தான். அது இருதய வருத்தம் அல்ல. மருந்தின் வேகம் குறையும்போது படபடப்பும் குறையும். ஆனால் அவ்வளவு தடவை பம்ப் அடிக்க வேண்டி வந்ததே, அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதற்கு அடையாளம்.

குளிசை என்ன செய்தது?

அக்கா கொடுத்த குளிசையின் பெயர் புரொப்பிரனலோல். இதைக் கண்டுபிடித்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1960களில் பாவனைக்கு வந்தது. அவருக்கு 1988ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. நல்ல மருந்து. உலகில் எத்தனையோ பேரின் இருதயத்தைக் காத்த மருந்து. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் கஃபீனின் விதம்தான். பூட்டில் போய் உட்காரும், திருப்பாது. அதிரினலின் வந்து இருதயத்தை விரட்ட முடியாது. படபடப்பு அடங்கும். ஆனால் புரொப்பிரனலோல் பீற்றா-1, பீற்றா-2 என்று பார்ப்பதில்லை. இரண்டையும் அடைக்கும். இருதயத்துக்காகக் குடித்தாலும் மூச்சுக்குழாயிலும் போய் உட்காரும். இழுப்பு இல்லாதவருக்கு இதனால் பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. இழுப்பு உள்ளவருக்கோ மூச்சுக்குழாய் இறுகிவிடும். திறக்கலாம் என்று பம்ப் அடித்தால், திறக்க வேண்டிய பூட்டில் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்த அக்காவுக்கு நன்மை செய்த அதே குளிசை இந்தத் தங்கச்சியின் உயிருக்கு உலை வைத்ததன் காரணம் இதுதான். இருவருக்கும் இருந்தது ஒரே மாதிரியான படபடப்பு. காரணம் வேறு. உடம்பும் வேறு.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். அத்தோடு இப்ராட்ரோபியம் என்ற மருந்தையும் ஆவியாகப் பிடிக்கக் கொடுத்தார்கள். அது வேறொரு பூட்டின் வழியாக மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து. ஒரு கதவு அடைபட்டிருந்ததால் மற்றக் கதவைத் திறந்தார்கள். குளிசையின் பெயர் தெரியாமல் போயிருந்தால் நிலைமையை விளங்கிக்கொள்ளவே நேரம் போயிருக்கும். பயத்திலும் அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு லொறியில் ஏறிய அக்காவையும் நாங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

பூட்டும் மாறும்

தினமும் பல தடவை நீலப் பம்ப்பை மட்டுமே நம்பியிருந்தால், திரும்பத் திரும்பத் தட்டப்படும் கலம் தன் பூட்டுகளில் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அதே அளவு மருந்து முன்போலக் கேட்காது. "பம்ப் பழகிப்போச்சு" என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அத்துடன் நீலப் பம்ப் குழாயைத் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்காது. அதற்குத்தான் பெக்ளோமெதசோன் போன்ற மருந்துள்ள இன்னொரு பம்ப்பைக் கிளினிக்கில் தருகிறார்கள். அதன் பூட்டு கலத்தின் சுவரில் அல்ல, உள்ளே இருக்கிறது. மருந்து சுவரைத் தாண்டி உள்ளே போய் மெதுவாக வேலை செய்கிறது. பலன் தெரியச் சில நாட்கள், சில கிழமைகள்கூட ஆகலாம். "அடிச்சேன், ஒன்னும் தெரியல" என்று அதை மூலையில் போட்டுவிடாதீர்கள். இழுப்பு இல்லாத நாளிலும் சொன்னபடி பிடிக்க வேண்டிய மருந்து அது.

இதற்கு எதிர்மாறானதும் நடக்கும். புரொப்பிரனலோல், அட்டெனொலோல் போன்ற குளிசைகளால் பூட்டு நெடுநாள் அடைபட்டிருந்தால், கலம் கூடுதலான பூட்டுகளை வெளியே வைக்கும். அந்த நிலையில் குளிசையைத் திடீரென நிறுத்தினால் அதிரினலின் எல்லாப் பூட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிடும். இருதயத்துக்கு ஆபத்து. ஆகவே டொக்டர் சொல்லி இக்குளிசைகளைக் குடிப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. இழுப்பும் இருந்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். மாற்றுவதா குறைப்பதா என்பதை அவர்கள் பார்ப்பார்கள்.

சீனிக் குளிசையும் இப்படித்தான்

"உனக்கும் சீனி, எனக்கும் சீனி. குளிசை முடிஞ்சா என்கிட்ட வாங்கிக்க" என்று பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறோம். இன்சுலின் என்ற ஓமோன் தசைக்கலத்தின் பூட்டைத் திறந்தால்தான் குருதியிலுள்ள சீனி தாராளமாக உள்ளே போகும். நம்மிடையே அதிகம் காணும் சீனி வருத்தத்தில் இன்சுலின் இருந்தும் பூட்டு சரியாகத் திரும்புவதில்லை. கிளிக்லசைட் போன்ற குளிசைகள் சதையியிலுள்ள கலங்களின் பூட்டில் உட்கார்ந்து, கூடுதல் இன்சுலினை வெளியே விடச் செய்கின்றன. நீங்கள் சாப்பிட்டீர்களா, மலைக்குப் போய் அலைந்தீர்களா என்று குளிசைக்குத் தெரியாது. ஆளுக்கு ஏற்ற அளவு தவறினால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரிடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒருவரின் பெயருக்குக் கொடுத்த குளிசையை மற்றவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், மற்றவரிடம் வாங்கவும் வேண்டாம். வருத்தம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம்.

2. இழுப்பு உள்ளவர்கள் எந்த டொக்டரிடம் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும், "எனக்கு இழுப்பு இருக்கு" என்று முதலில் சொல்ல வேண்டும். கண் அழுத்தத்துக்கு விடும் துளி மருந்துகளில் சிலவும் இதே பூட்டை அடைப்பவை. ஆகவே கண் கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

3. வீட்டிலுள்ள குளிசை அட்டைகள், பம்ப், கிளினிக் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பையும் போக வேண்டும். குளவி கொட்டிப் போனாலும் கொண்டு போங்கள். குளவி நஞ்சால் சிலருக்கு வரும் ஆபத்துக்கு அதிரினலின் ஊசி போடுவார்கள். பூட்டை அடைக்கும் குளிசை குடிப்பவருக்கு அது சரியாகக் கேட்காமல் போகலாம் என்பதால் டொக்டருக்கு அது தெரிய வேண்டும்.

4. இழுப்பு வந்தால் ஆளைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். காட்டித்தந்தபடி நீலப் பம்ப்பைக் கொடுங்கள். பம்ப் கேட்காவிட்டால், நான்கு மணித்தியாலத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால், பேச முடியாவிட்டால், உதடு நீலமானால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். அது வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள்.

அந்த அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. "நானே கொல்லப் பாத்தேனே ஐயா" என்று எங்களிடம் அழுதார். கொல்லவில்லை, அன்பால் கொடுத்தார், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லயத்து வாழ்க்கையே கொடுக்கல் வாங்கலில்தான் ஓடுகிறது. மிளகாய்த்தூள் இல்லையென்றால் பக்கத்து வீடு, பால்மா இல்லையென்றால் பக்கத்து வீடு. அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போக வேண்டாம். குளிசையை மட்டும் அதிலிருந்து விலக்கி வைப்போம்.

பக்கத்து வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் குளிசைக்குப் பதிலாகத் துணையைக் கொடுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பையை எடுத்துக் கொடுங்கள். எந்தக் குளிசை எதற்கு என்று சந்தேகம் இருந்தால் அட்டையோடு தோட்டத்து வைத்திய நிலையத்துக்கோ எங்களிடமோ வாருங்கள். தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்வது எங்கள் வேலை. அதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை.